இருபத்தொன்பதாம் கத்தியின் குறை

கத்திகள் நாற்பத்தொன்று. உறைகள் முப்பத்து நான்கு. ஏழு கத்திகளுக்கு உறையே கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு அவற்றைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தெரிந்தவள் அவன் மனைவி. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

அவள் பல் டாக்டர். கத்தி சேர்க்கும் கிறுக்கு ஒரு கசாப்புக் கடைக்காரரால் வந்தது. மூன்று நாள் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷன், கடைவாய்ப் பல் போன நிம்மதியில், மறுநாள் தன் அப்பா வைத்திருந்த கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். விஷயம் கைமாறிக் கைமாறிப் பரவியது. செருப்புத் தைப்பவர் தோல் சீவும் கத்தியைக் கொடுத்தார். சலூன்காரர் சவரக் கத்தியைக் கொடுத்தார். ஒட்டுக்கட்டும் தோட்டக்காரர், மீன் அறுப்பவர், தேன் எடுப்பவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் பட்டறையில் அடித்துச் செய்த பழைய எஃகு. இன்றைய சமையலறைக் கத்தி போல எதையும் தாங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுநாள் காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

மூடிப்போன ஒரு வரைபட அலுவலகத்திலிருந்து அகலமான இழுப்பறைகள் வைத்த அலமாரி ஒன்றை வாங்கி வந்தாள். இழுப்பறையில் கம்பளித் துணி விரித்து, கத்திகளை ஒன்றோடொன்று இடிக்காமல் படுக்க வைத்தாள். உறைகள் தனியே, வேறொரு தட்டில், துணிப் பைகளில். கத்திக்கும் உறைக்கும் ஒரே எண். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிளவுஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். துடைப்பாள், எண்ணெய் பூசுவாள், மறுபடி துடைப்பாள். வெறும் கையால் ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், வீடு இரண்டாகிவிடும்.

"உன் கை வேர்வைக்கு என்ன விலைன்னு தெரியுமா? நூறு வருஷத்துக் கத்தி!"

"நான் கையைக் கழுவிட்டுத்தானே வந்தேன்?"

"கழுவுனா ஈரம். கழுவலன்னா உப்பு. தள்ளிப் போ."

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சீட்டு இருந்தது. யாருடையது, என்ன வேலைக்கு, எப்போது எண்ணெய் போட்டது. கடைசியில் 'குறை' என்று ஒரு பகுதி. கத்திக்கு எந்தச் சேதம் நேர்ந்தாலும் அங்கே எழுதிவிடுவாள். யாரால், எந்த நாளில் என்பதையும் சேர்த்து. ஆறாம் எண் சவரக் கத்தியின் சீட்டில், 'அலகில் சிறு தெறிப்பு. என்னால். போன் அடித்தது, திரும்பினேன்' என்று இருந்தது. பன்னிரண்டாம் எண்ணில், 'பிடியில் விரிசல். அண்ணனால். கேட்டால் இல்லை என்பான்.'

அந்த அண்ணன்தான் ஒரு புதன்கிழமை மாலை போன் செய்தார். தையல் மெஷின் பழுது பார்ப்பவர். கத்திகளுக்கு எண்ணெய் அவர் கடையிலிருந்துதான் போகும்.

"மாப்ள, அந்தக் கத்திங்களைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல மச்சான்."

"எத்தனை நாளா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நெனச்சேன். எண்ணெய் வாங்க ஆளே வரலியேன்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். நானே எடுத்துட்டுப் போயிடுறேன். உங்களுக்கும் ஒரு பாரம் குறையும்."

"சரி மச்சான்."

அந்த ஏழு மாதத்தில் அவன் அதிகம் சொன்ன சொல் 'சரி'தான். சாப்பிடு என்றால் சரி. வேறு வீடு பார் என்றால் சரி. இன்னொரு கல்யாணத்தைப் பற்றி யோசி என்று யாரோ சொன்னபோதும் சரி என்றுதான் சொன்னான். சொன்னவர்தான் பயந்து போனார்.

*

கத்திகள் இப்போது அலமாரியில் இல்லை. அதற்குக் காரணம் ஒரு சித்தி.

அவள் போன மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகள் அறைக்கு அறை ஓடின. மனைவியின் சித்தி எதையோ தேடப் போய் இழுப்பறையை இழுத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இத்தனை கத்தியா? இந்த நேரத்துல கண்ணுல படற மாதிரியா வைக்கிறது? யாராவது எடுத்து உள்ள வைங்களேன்!"

பிள்ளைகளுக்காகச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது, அவள் பயந்தது பிள்ளைகளுக்காக இல்லை, இவனுக்காக.

அவனே எடுத்து வைத்தான். ஒவ்வொரு கத்தியையும் அதன் உறையில் போட்டு, உறை இல்லாத ஏழையும் துண்டில் சுற்றி, இரும்புப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைக் குளியலறைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். ஒழுங்காகச் செய்ததாகத்தான் ஞாபகம். அந்த ஞாபகமும் கதவோரம் நின்று வேறு யாரோ செய்வதைப் பார்த்த மாதிரி. நடுவில் மழைக்காலம் வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். குனிந்து பெட்டியைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"வாசனை வருது மாப்ள."

"என்ன வாசனை?"

"பத்து வருஷம் பரண்ல கெடந்த மெஷின் வாசனை."

முதலில் கையில் வந்தது செருப்புத் தைப்பவரின் கத்தி. உறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முழங்காலில் அணைத்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு வந்தது. தரையில் காவி நிறத்தில் பொடி கொட்டியது.

மச்சான் கத்தியைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"யாரு உறையில போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

"உறை கத்தி வைக்கத்தானே மச்சான்?"

"உறை கத்தியை எடுத்துட்டுப் போறதுக்கு. வெளிய போறப்போ செருப்பு போடுற மாதிரி. நனைஞ்ச செருப்பைப் போட்டுக்கிட்டு ஏழு மாசம் தூங்குவீங்களா நீங்க? தோலு ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும். பதப்படுத்துனப்போ ஏறுன உப்பும் புளிப்பும் உள்ளயே இருக்கும். அதெல்லாம் எங்க இறங்கும்? உங்க தலையிலயா இறங்கும்?"

இதை அவள் எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். சொல்லும்போது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் போல.

"பி.எஸ்சி., எம்.எஸ்சி.ன்னு படிச்சுட்டு…" என்று ஆரம்பித்த மச்சான் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவன் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். "சரி விடுங்க. உறைக்கு உள்ள போனதெல்லாம் வெளிய வரட்டும். எது பொழைக்கும் எது பொழைக்காதுன்னு பாப்போம்."

பழைய போர்வையைத் தரையில் விரித்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். சிலவற்றில் மேலோட்டமான துரு. சிலவற்றில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. சவரக் கத்தியின் கூர் விளிம்பு இருந்த இடத்தில் ரம்பம் இருந்தது. துண்டில் சுற்றிப் போட்ட ஏழும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தன. மெனக்கெட்டு வைத்ததெல்லாம் கெட்டு, சும்மா போட்டது தப்பித்திருந்தது. அதைக் கவனித்துவிட்டு மச்சான் வாயைத் திறந்தார். பிறகு தானாகவே மூடிக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் எண் தேனடை அறுக்கும் கத்தி. முழ நீளம், மெல்லிய அகலமான அலகு. அதன் உறை கத்தியை விடப் பெரியது. அலகு தோலில் அவ்வளவாக ஒட்டவில்லை. அதனால் துரு பெரும்பாலும் ஏறவில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. பிடிக்கு மூன்று விரல் மேலே, அலகின் நடுவில், காவி நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

வரி வரியாக இருந்தது. ஸ்டாம்ப் பேடில் தொட்டு வைத்தது போலத் தெளிவாக.

மச்சான் துணியை எடுத்தார். அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"இது அவ."

அவள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவன் சொன்னான். ஏழு மாதத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அன்று மாலை ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எண்ணெய் போட்டு முடித்தாள். இருபத்தொன்பதை எடுத்தாள். தலை வலிக்கிறது என்றாள். கத்தியை மேசைமேல் வைத்தாள். கிளவுஸைக் கழற்றிப் போட்டாள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்ப் படுத்தாள். மறுநாள் காலை கிளினிக்கில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள்.

"கிளவுஸைக் கழட்டுனதுக்கு அப்புறம் தொட்டிருக்கா மச்சான். கத்தியை நகர்த்தி வச்சிருப்பா. சீட்டுல பாருங்க, இருபத்தெட்டு வரைக்கும் அன்னிக்குத் தேதி இருக்கும். இதுல இருக்காது."

மச்சான் சீட்டை எடுத்துப் பார்த்தார். தேதி இல்லை.

"மாப்ள, இது துரு. போட்டோ இல்ல. சும்மா இருக்காது, தின்னுக்கிட்டே போகும். ஒரு மாசம் போனா கோடெல்லாம் கலந்து ஒரு கறையா நிக்கும். அப்புறம் குழி விழும். அப்புறம் சுத்திப் பரவும்."

"இருக்கட்டும்."

"அவளே இருந்தா மொதல்ல இதைத்தான் தேய்ச்சிருப்பா."

"தெரியும். இதை மட்டும் விட்டுடுங்க மச்சான். மத்ததையெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அவனுக்கே அது புதிதாகக் கேட்டது. ஏழு மாதத்தில் அவன் ஒருவரிடமும் எதையும் கேட்டதில்லை.

மச்சான் கத்தியை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த ரேகையை வெகு நேரம் பார்த்தார்.

"எந்தக் கை இது?"

"வலது கைப் பெருவிரல். பிடி இருக்கற பக்கத்தைப் பாத்தா தெரியுதே."

"ம்."

எதற்கும் பத்து வார்த்தை பேசுகிறவர் அதற்கு மேல் பேசவில்லை. கத்தியைக் கொண்டுவந்து காலி இழுப்பறையில், கம்பளித் துணிமேல், அதன் பழைய இடத்தில் வைத்தார். நாற்பது கத்திகளையும் போர்வையில் சுருட்டி வண்டியில் ஏற்றினார். படியிறங்கும்போது மட்டும் திரும்பினார்.

"உறையில மட்டும் போட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்."

*

அதற்குப் பிறகு அவனுடைய நாள் கொஞ்சம் மாறியது. காலையில் எழுந்ததும் இழுப்பறையைத் திறப்பான். அவளுடைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிகளை எண்ணுவான். முதல் நாள் நடுச் சுழியிலிருந்து வெளி ஓரம் வரை பத்தொன்பது வரி. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து மறுபடி எண்ணுவான். பத்தொன்பது. அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நன்றாக இருந்தது. இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்தான்.

இரண்டாவது வாரம் பதினேழு ஆனது. கீழ் ஓரத்தில் மூன்று கோடுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இழுப்பறையின் உட்புறத்தில் அவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது. அவள் பேசுவது போலவே இருக்கும்.

'துரு தெரிந்தால் அன்றைக்கே எடு. துருவுக்கு மேல் எண்ணெய் பூசி மூடாதே. உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். எடுக்கும் முறை: எண்ணெய், பொறுமை, தக்கை, பொறுமை. உப்புத்தாளைத் தொட்டால் கையை வெட்டுவேன்.'

அவன் அதை எத்தனை முறை படித்தான் என்று கணக்கில்லை. கத்தி வேண்டுமென்றால் ரேகை போக வேண்டும். ரேகை வேண்டுமென்றால் கத்தி போகும். அவள் எழுதியது ஒரு பக்கம், அவள் விரல் ஒரு பக்கம். அவன் நடுவில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். அறையில் ஈரம் சேராமல் இருக்க ஜன்னலைச் சாத்தினான். சாத்தினால்தான் ஈரம் தங்கும் என்று தோன்றியதும் திறந்தான். ஈரத்தை உறிஞ்சும் மணிப் பொட்டலங்கள் எட்டு வாங்கி வந்து கத்தியைச் சுற்றி அடுக்கினான். ஒரு பயனும் இல்லை.

நான்காவது வாரம் பதினான்கு.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் புது மெஷின் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் புத்தகத்துக்கு விடுமுறை. ஆசிரியர்கள் வரிசையாக நின்று பெருவிரலை வைத்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு பியூன் உட்கார்ந்திருந்தார்.

அவன் முறை வந்தது. விரலை வைத்தான். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது.

"கையில என்ன சார், எண்ணெயா?" பியூன் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "இன்னொரு தடவை வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க."

பின்னால் நின்ற விளையாட்டு ஆசிரியர் சிரித்தார். "கணக்கு சார், விடை கண்டுபிடிக்க வேண்டாம், விரலை வச்சா போதும்."

மறுபடி வைத்தான். மெஷின் பச்சை காட்டியது. விரலை எடுத்ததும் கண்ணாடிமேல் ஆவி படிந்தது போல அவன் ரேகை ஒரு நொடி தெரிந்தது. சுழியும் வரிகளும் முழுதாக இருந்தன.

அவள் கிளினிக்கிலும் இப்படி ஒரு மெஷின் வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். "மெஷினுக்கு என்னைத் தெரியலையாம். ஆறு தடவை வச்சேன், நீ யாருன்னு கேக்குது. ஆள்காட்டி விரலை வச்சதும்தான் உள்ள விட்டுச்சு." வலது கைப் பெருவிரல் அவளுக்கு ஆகாது. அதன் சதையில் குறுக்கே, மேலிருந்து கீழே சாய்வாக, ஆழமான ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ரேகையை இரண்டாக அறுத்துப் போட்ட தழும்பு.

"சார், நகருங்க. பெல் அடிச்சிடும்."

அவன் நகர்ந்தான். நான்கு வருஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவன் அவன். அந்தத் தழும்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே சினிமா பார்த்தவன்.

முதல் இரண்டு வகுப்பில் என்ன நடத்தினான் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தான். பூதக்கண்ணாடியை எடுத்தான். மிச்சமிருந்த பதினான்கு வரியும் குறுக்கே ஒரு கீறல் இல்லாமல் ஓடின. கலந்துபோன ஓரத்திலும் அப்படி ஒரு கோடு இருந்ததற்கு அடையாளம் இல்லை. பள்ளிக்கூடத்து ஸ்டாம்ப் பேட் பையில் இருந்தது. வலது பெருவிரலை அதில் அழுத்தி ஒரு வெள்ளைத் தாளில் வைத்தான். தாளைக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தான். சுழி இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இரண்டாகப் பிரிந்து கொஞ்ச தூரம் போய் மறுபடி சேர்ந்தது. கத்தியிலும் அதே இடத்தில் பிரிந்து அதே இடத்தில் சேர்ந்தது.

அவள் போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, இடது கையில் உறையைப் பிடித்து வலது கையால் கத்தியை உள்ளே தள்ளியவன் அவன். வேர்த்திருக்கும். இல்லை, கண்ணைத் துடைத்திருப்பான். அதுவும் உப்புதான்.

நான்கு வாரம் தன் விரலைத் தானே உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தும்மல் மாதிரி ஒன்று வெளியே வந்தது. அவளிடம் சொன்னால் ஒரு மாதம் விட மாட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவாள்.

பிறகு இன்னொன்று தோன்றியது. மிச்ச அலகு முழுக்க எதுவும் இல்லை. அவள் தொட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. தலைக்குள் அது வெடிக்கக் காத்திருந்த மாலையிலும் அவள் முதலில் கத்தியைக் கீழே வைத்திருக்கிறாள், அதன் பிறகுதான் கிளவுஸைக் கழற்றியிருக்கிறாள்.

அவன் இழுப்பறையை மூடாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

*

சனிக்கிழமை காலை அலமாரியிலிருந்து அவளுடைய கிளவுஸ் ஜோடி ஒன்றை எடுத்தான். அவன் கைக்குச் சின்னது. விரல் நுனி வரை போகவில்லை, தவளைக் கை மாதிரி தொங்கியது. அதோடுதான் செய்தான். ரேகைமேல் நான்கு சொட்டு எண்ணெய் விட்டான். தாளில் எழுதியிருந்தபடி பொறுத்திருந்தான். பாட்டில் தக்கையை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாக்கில், அழுத்தாமல் தேய்த்தான். எண்ணெய் காவியானது. துடைத்தான். மறுபடி எண்ணெய். மறுபடி பொறுமை. பதினான்கு, பதினொன்று, எட்டு. பழக்க தோஷம், எண்ணிக்கொண்டே இருந்தான்.

மத்தியானத்துக்குள் துரு போய்விட்டது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எஃகில் சாம்பல் நிறத்தில் ஐந்தாறு வரி நிழலாகத் தெரிந்தது. அது தேய்த்துப் போவதில்லை. உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

கத்தியைத் துணியில் சுற்றி, எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, மச்சான் கடைக்குப் போனான்.

கடை ஒரு நீளமான அறை. இரண்டு பக்கமும் தலை கழற்றிய தையல் மெஷின்கள். கடைசி மேசைமேல், மெஷின் மூடித் துணியை விரித்து, கத்திகளை வரிசையாக அடுக்கியிருந்தார் மச்சான். பன்னிரண்டு பளிச்சென்று இருந்தன. மற்றவை காத்திருந்தன.

"வாங்க மாப்ள. என்ன, கை ஒரு மாதிரி இருக்கு?"

கிளவுஸ் தூள் இன்னும் கையில் ஒட்டியிருந்தது. அவன் துணியைப் பிரித்துக் கத்தியை மேசைமேல் வைத்தான்.

மச்சான் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தக்கையா?"

"ஆமா."

"உப்புத்தாள் போடலியே?"

"கையை வெட்டுவேன்னு எழுதியிருக்கு."

"செய்வா. சொன்னா செய்வா." மச்சான் கத்தியைச் சாய்த்துப் பார்த்தார். நிழல் வரிகள் அவர் கண்ணில் பட்டது அவனுக்குத் தெரிந்தது.

"மச்சான், அது அவ ரேகை இல்ல."

"ம்."

"என்னோடது."

"ம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மச்சான் கத்தியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்." துணியைக் கீழே வைத்தார். "அந்தத் தழும்பு யாரால வந்ததுன்னு நெனக்கிறீங்க? அவளுக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதிமூணு. பென்சில் சீவுற கத்தி ஒண்ணே ஒண்ணு. எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு ரெண்டு பேரும் இழுத்தோம். நான் பிடிப் பக்கம் இருந்தேன்." கத்தியை மேசைமேல் நேராக வைத்தார். "வீட்டுல கேட்டப்போ அவளே விழுந்துட்டான்னு சொன்னேன். அவளும் ஆமான்னுட்டா. அந்த விரலை எனக்குத் தெரியாதா மாப்ள?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் யோசித்தான்.

"சரின்னு சொல்லியிருப்பேன்."

"அதான். 'சரி மச்சான், எடுத்துட்டுப் போங்க'ன்னு அதையும் தூக்கிக் குடுத்திருப்பீங்க. ஏழு மாசமா என்ன சொன்னாலும் சரி. எனக்கே அலுத்துப் போச்சு. அன்னிக்குத்தான் மொதல் தடவையா வேண்டாம்னீங்க. கையை வேற பிடிச்சுட்டீங்க, ரெண்டு நாள் வலி. போனா ஒரு கத்தி போகட்டும்னு விட்டுட்டேன்."

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அவன் மேசைமேல் இருந்த கத்திகளைப் பார்த்தான். பன்னிரண்டாம் எண்ணும் அதில் இருந்தது. பிடியில் விரிசல்.

"இது உங்களால வந்ததாமே."

"எது? அதெல்லாம் இல்ல. வாங்குறப்பவே இருந்தது."

"சீட்டுல அதுவும் எழுதியிருக்கு."

அவன் தேடி எடுத்துக் கொடுத்த சீட்டை மச்சான் வாங்கிப் படித்தார். 'கேட்டால் இல்லை என்பான்' என்ற இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"கழுதை" என்றார்.

அவன் இருபத்தொன்பதாம் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். மச்சான் காதில் செருகியிருந்த பேனாவை நீட்டினார். 'குறை' என்ற இடத்தில் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவன் எழுதினான். 'அலகில் பெருவிரல் ரேகை. என்னால்.'

மச்சான் எட்டிப் பார்த்தார்.

"தேதி?"

"என்ன?"

"தேதி போடல. அவ எல்லாத்துக்கும் போட்டிருக்கா பாருங்க. என்னிக்கு நடந்ததுன்னு இல்லாம அது என்ன குறை?"

பேனா தாளுக்கு மேலே நின்றது. அது என்ன தேதி என்று அவனுக்குத் தெரியும். அவள் போனதற்கு மறுநாள். எட்டு மாதமாகக் கரும்பலகையில் தினம் ஒரு தேதி எழுதுகிறான். அந்த இரண்டு நாளின் தேதியை மட்டும் எங்கேயும் எழுதியதில்லை. இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில்கூட அவள் போன தேதியை மச்சான்தான் எழுதினார்.

மச்சான் அவசரப்படுத்தவில்லை. ஒரு மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊசி ஏறி இறங்கியது.

அவன் எழுதினான். நாள், மாதம், வருஷம். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'அவள் போன மறுநாள். வெறும் கை' என்று அதில் எழுதினான். கடைசி எழுத்து தாளின் ஓரத்தைத் தாண்டி மேசைத் துணியில் போய் முடிந்தது.

"மச்சான்."

"சொல்லுங்க."

"இதெல்லாம் எனக்குத் திருப்பி வேணும்."

"நாப்பதும்?"

"நாப்பதும்."

"அப்ப மிச்ச இருவத்தெட்டையும் யாரு தேய்க்கிறது? எனக்குக் கடை இருக்கு." மச்சான் மேசைக்கு அடியில் துழாவி ஒரு டப்பாவை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். பெரிய அளவு கிளவுஸ், இன்னும் பிரிக்கவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. ரெண்டு மெஷினை அந்தப் பக்கம் நகர்த்திட்டா உக்கார இடம் இருக்கு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். டப்பாவைப் பிரித்தான்.

"எதுல ஆரம்பிக்கட்டும்?"

"செருப்புக்காரர் கத்தியிலதான். ரொம்ப மோசமா இருக்கறது அதுதான்" என்றார் மச்சான். "எண்ணெய் அந்தப் பாட்டில்ல. கொஞ்சமா விடுங்க, குளிப்பாட்டாதீங்க."